ஐபேடை விட்டால் வேறு டெப் தேறுமா?

கொட்டாஞ்சேனை அக்கா | #1

மகள் வருகிற வருடம் ஏஎல் (உயர்தரப் பரீட்சை) பயோ. வகுப்பில் பாதி ஸூமில் நடக்கிறது, டியூட் (வகுப்புக் குறிப்புத்தாள்) எல்லாம் பிடிஎப்பாக வாட்ஸ்அப்பில் வருகிறது. என் போனில் படித்துப் படித்து அவளுடைய கண்ணும் போகிறது, என் போனும் போகிறது. ஒரு டெப் வாங்கலாம் என்று இருக்கிறோம். கையில் ஒரு இலட்சம், இழுத்துப் பிடித்தால் ஒன்றேகால்.

வீட்டில் இப்போது இரண்டு கட்சி. மகளுக்கு ஐபேட்தான் வேண்டுமாம், வகுப்பில் எல்லாரிடமும் அதுதானாம் (எல்லாரும் என்றால் மூன்று பேர், நான் விசாரித்துவிட்டேன்). இவருக்கோ பேனாவும் பெட்டிக்குள்ளேயே வருகிற ஒரு அண்ட்ரொய்ட் டெப்பில் கண். என் கேள்வி இதுதான்: ஐபேடுக்கு முன்னால் நின்று பிடிக்கக்கூடிய ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா? அல்லது முதலில் மலிவாக ஒன்று வாங்கி, ஆறு மாதத்தில் அதை அலுமாரியில் போட்டுவிட்டு, பிறகு ஐபேட் வாங்குகிற கதைதானா?

தெஹிவளை தம்பி | #2

ஐபேட். இழையை மூடலாம்.

பழைய இரும்பு | #3

மூடாதேயும் தம்பி. எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல் கொட்ட இருக்கிறது.

என் மேசையில் எச்பி டச்பேட் ஒன்று இன்னும் கிடக்கிறது. இளசுகளுக்குத் தெரிந்திருக்காது. ஐபேட் 2010 ஏப்ரலில் அமெரிக்காவில் கடைக்கு வந்தது, 499 டொலர். 28 நாளில் பத்து இலட்சம் விற்றது. உடனே எல்லாக் கொம்பனிக்கும் ஆளுக்கொரு டெப் விட வேண்டும் என்று அந்தரம். எச்பி அந்த வருடமே பாம் கொம்பனியை 120 கோடி டொலருக்கு வாங்கி, பாமின் இயங்குதளமான வெப்ஓஎஸ்ஸைப் போட்டு 2011 ஜூலை 1 இல் டச்பேடை இறக்கியது. ஐபேடில் இருந்த அதே 9.7 அங்குல ஸ்கிரீன், அதே 499 டொலர். பாரம் மட்டும் கூட: ஐபேட் 2 சுமார் 600 கிராம், இது 740. ஓகஸ்ட் 18 இல், அதாவது 49ஆம் நாள், இனிச் செய்யமாட்டோம் என்று எச்பியே கையை விரித்துவிட்டது. மிச்சம் கிடந்ததை 99 டொலருக்குத் தள்ளினார்கள். அப்போதல்லவா சனம் அடிபட்டது! 499க்கு ஏறெடுத்தும் பார்க்காத அதே பொருள். என் மைத்துனர் எனக்குக் கொண்டுவந்ததும் அந்த 99 டொலர்ச் சாமான்தான்.

பொருள் மோசமா என்றால் இல்லை. திறந்து வைத்திருக்கிற செயலிகள் சீட்டுக்கட்டு மாதிரி வரிசையாக நிற்கும், வேண்டாததை விரலால் மேலே சுண்டினால் போய்விடும். இன்றைக்கு எல்லாப் போனிலும் அப்படித்தானே மூடுகிறோம்? அப்போது ஐபேடில் அது இல்லை. வெப்ஓஎஸ் கடைசியில் எல்ஜியிடம் போய்ச் சேர்ந்தது. எங்கள் வீட்டு டிவி எல்ஜி. அதைப் போடுகிற ஒவ்வொரு முறையும் மேசையில் கிடக்கிறவனைப் பார்த்துப் பாவப்படுவேன்.

மற்றவர்கள் கதை இன்னும் கேவலம். மின்னஞ்சலுக்கே பேர்போன கொம்பனி பிளக்பெரி. 2011 ஏப்ரலில் அவர்கள் விட்ட பிளேபுக்கில் மின்னஞ்சல் செயலி இல்லை. பக்கத்தில் ஒரு பிளக்பெரி போனை வைத்து இணைக்க வேண்டும். சொந்தமாக மின்னஞ்சல் வர 2012 பெப்ரவரி ஆனது. தாலியை வீட்டில் விட்டுவிட்டு மணவறையில் போய் உட்கார்ந்த மாப்பிள்ளை மாதிரி. மோட்டோரோலா சூம் 799 டொலர். அதில் மெமரி கார்ட் போட ஓட்டை இருந்தது, விற்பனைக்கு வந்த அன்று அந்த ஓட்டை வேலை செய்யவில்லை.

என் கணக்கில் எல்லாரும் விட்ட பிழை ஒன்றுதான். அப்பிள் கேட்கிற விலையைத் தாங்களும் கேட்டார்கள். அதே விலை என்றால் சனம் தெரிந்தவனிடம்தானே போகும்? பின்னால் வருகிறவன் விலையில் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் முன்னால் நிற்கிறவனிடம் இல்லாத ஒன்றைக் கொண்டுவர வேண்டும்.

தெஹிவளை தம்பி | #4

அண்ணை, நீங்கள் எழுதிய அத்தனையும் என் கட்சிக்குத்தான் சாட்சி. போட்டிக்கு வந்தவன் 49 நாளில் ஓடினான். அக்காவுக்கு ஏஎல் முடியும் மட்டும் ஓடாமல் நிற்கிறது வேண்டும்.

155 பஸ் | #5

எல்லாரும் ஓடவில்லையே. 2010 இல் ஸ்டீவ் ஜொப்ஸ் 7 அங்குல டெப்பை நக்கலடித்தார். அவ்வளவு சின்ன ஸ்கிரீனில் தட்ட விரலை மண்கடதாசியால் தேய்த்துச் சிறிதாக்க வேண்டும் என்ற அர்த்தத்தில். அடுத்த வருடம் அமேசன் 199 டொலருக்கு கிண்டில் ஃபயர் விட்டது. 2012 இல் கூகுளும் அசுஸும் சேர்ந்து அதே 199க்கு நெக்சஸ் 7. இரண்டும் 7 அங்குலம், இரண்டும் நன்றாக விற்றது. அதே 2012 முடிவதற்குள் அப்பிளே 7.9 அங்குலத்தில் ஐபேட் மினியைக் கொண்டுவந்தது. மண்கடதாசி யார் கொடுத்தார்களோ தெரியாது.

என் கதை வேறு. நான் மட்டக்குளியில் ஏறி வெள்ளவத்தையில் இறங்குகிற ஆள். பஸ்ஸில் ஒரு கை கம்பியில், ஒரு கையில் டெப். 8 அங்குலத்துக்கு மேல் போனால் பக்கத்து சீட் ஐயாவின் மூக்கில் இடிக்கும். இப்போது வைத்திருப்பது ஒரு சின்ன அண்ட்ரொய்ட், மெமரி கார்ட் போடலாம். பாட்டு, படம், 400 பிடிஎப் எல்லாம் கார்டில். 2022 இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் போன நாட்களில் டேட்டாவும் இல்லாமல், வைஃபையும் இல்லாமல், கார்டில் இருந்ததைப் படித்துத்தான் பைத்தியம் பிடிக்காமல் தப்பினேன். ஐபேடில் கார்ட் போடுகிற இடமே கிடையாது.

ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். இதற்கு முதல் ஒன்று வைத்திருந்தேன், பெயர் சொல்லமாட்டேன், மலிவுக்கு மலிவு. பெட்டியில் 64 ஜிபி என்று எழுதியிருந்தது. உள்ளே போய்ப் பார்த்தாலும் 64 என்றுதான் காட்டும். 20க்கு மேல் எதை ஏற்றினாலும் பழையது அழிந்துபோகும். எட்டாம் மாதம் சார்ஜ் வயரைக் கல் வைத்து ஒரு பக்கம் சரித்து வைத்தால்தான் சார்ஜ் ஏறும். பிறகு வங்கிச் செயலி இந்தப் பதிப்பில் ஓடமாட்டேன் என்றுவிட்டது. அப்டேட் என்ற சொல்லையே அது கடைசி வரை காட்டவில்லை.

கடைப்பொடியன் | #6

அக்கா, நான் கொழும்பில் ஒரு போன் கடையில் நிற்கிறவன். கடை பெயர் வேண்டாம். கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

முதல் விசயம், வருகிறவர்களில் பாதிப் பேர் எந்த டெப்பையும் ஐபேட் என்றுதான் கேட்பார்கள். தலையிடிக் குளிசை எல்லாம் பனடோல் ஆன மாதிரி. "ஐபேட் ஒன்று காட்டுங்கோ, முப்பதாயிரத்துக்குள்ளே" என்பார்கள். இப்படிப் பெயரையே பிடித்துக்கொண்டவனோடு மற்றவன் சண்டை பிடிப்பது லேசான வேலையா?

இரண்டாவது காசுக் கணக்கு. 2025 இல் வந்த சாதாரண ஐபேட் அமெரிக்காவில் 349 டொலர். டொலரைக் குத்துமதிப்பாக 300 ரூபா என்று வையுங்கள், அதுவே 104,700. இங்கே வற் வரி 18 வீதம், அனுப்புகிற செலவு, இறக்குகிறவன் லாபம், கடை லாபம் இன்னும் ஏறவில்லை. பேனா வேறு. யூஎஸ்பி-சி அப்பிள் பென்சில் 79 டொலர், அது இன்னொரு 23,700. உங்களுடைய ஒன்றேகால் பென்சிலோடு சேர்த்துப் பார்த்தால் வரி போடுவதற்கு முதலே முடிந்துவிட்டது.

அதனால் கடையில் நடக்கிற உண்மையான போட்டி புது ஐபேடுக்கும் புது அண்ட்ரொய்டுக்கும் இடையில் இல்லை. பாவித்த ஐபேடுக்கும் புது அண்ட்ரொய்டுக்கும்தான். நீங்கள் டச்பேட், சூம் என்று கதைக்கிறீர்கள். இங்கே சின்னக் கொம்பனியின் கழுத்தைப் பிடிப்பது நாலு வருடப் பழைய ஐபேட்.

பாவித்தது எடுக்கப் போனால் ஒன்று செய்யுங்கள். வெளியூரில் பள்ளிக்கூடங்களும் கொம்பனிகளும் கழித்துவிட்ட ஐபேட்கள் நிறைய வருகின்றன. பளபளவென்று இருக்கும். கடையிலேயே முழுவதையும் அழிக்கச் சொல்லி, வைஃபை கொடுத்து, முதலிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். தொடங்கும்போது இது இன்ன நிறுவனத்தின் நிர்வாகத்தில் இருக்கிறது என்று ஒரு பக்கம் வந்தாலோ, யாரோ ஒருவருடைய அப்பிள் கணக்கின் கடவுச்சொல் கேட்டாலோ, மேசையில் வைத்துவிட்டு வெளியே வாருங்கள். "அது சும்மா, ஸ்கிப் பண்ணலாம்" என்பார்கள். இன்றைக்கு ஸ்கிப் பண்ணலாம். அடுத்த முறை அழித்தால் திரும்ப வந்து நிற்கும்.

சிம் போடுகிற மொடல் என்றால் ஐஎம்ஈஐ இலக்கத்தை (கருவியின் அடையாள இலக்கம்) 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பி, தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில் பதிந்ததா என்று பாருங்கள். ஏஜென்ட் வாரண்டியா, கடை வாரண்டியா என்று பில்லில் எழுதி வாங்குங்கள். வாயால் சொன்ன வாரண்டி படி இறங்கும் வரைக்கும்தான்.

கோடுகிறுக்கி | #7

படம் வரைவதுதான் என் பிழைப்பு, சிறுவர் புத்தகங்களுக்கு. இரண்டையும் பாவித்திருக்கிறேன்.

தொடங்கியது சாம்சங் டெப் எஸ்6 லைட்டில். எஸ் பென் பெட்டிக்குள்ளேயே வரும். கோடு போட அதற்கு சார்ஜ் தேவையில்லை, பற்றரி இறந்துவிட்டது என்று வகுப்பு நடுவில் முழிக்க வேண்டாம். மெல்ல அழுத்தினால் மெல்லிய கோடு, கூட அழுத்தினால் தடித்த கோடு. கடைப்பொடியன் சொன்ன அந்த 79 டொலர்ப் பென்சிலில் இந்த அழுத்தம் அறிகிற வசதி இல்லை. அதற்கு அப்பிளின் வேறு பென்சில் வேண்டும், விலையும் கூட.

அப்பிளின் பென்சில் கூத்து தனிக் கதை. 2022 இல் வந்த பத்தாம் தலைமுறை ஐபேடில் யூஎஸ்பி-சி ஓட்டை. அதோடு வேலை செய்த பென்சிலோ அப்பிளின் பழைய லைட்னிங் சார்ஜ் முனைக்காரன். இரண்டையும் சேர்த்துவைக்க நடுவில் ஒரு துண்டு, வயர் ஒன்று. அண்ட்ரொய்டுக்காரன் யாராவது இப்படிச் செய்திருந்தால் தெஹிவளை தம்பி இங்கே பத்து இழை திறந்திருப்பார்.

ஆனால் இப்போது நான் வரைவது ஐபேடில். காரணம் ஒரே ஒரு சொல், புரோக்ரியேட் என்கிற வரைகிற செயலி. அது அண்ட்ரொய்டில் இல்லை. ஒரு தரம் காசு கட்டினால் போதும், மாதச் சந்தா இல்லை. ஒரு மாதம் அண்ட்ரொய்டிலேயே சமாளித்துப் பார்த்தேன். கிளிப் ஸ்டூடியோ நல்லதுதான், ஆனால் என்னோடு வேலை செய்கிற எல்லாருடைய கோப்பும் புரோக்ரியேட்டில் வந்தது. தனியாகத் திறமாக இருந்து என்ன? ஊரோடு ஒத்துப்போக வேண்டியிருந்தது.

உங்கள் மகளுக்கு இந்தக் கவலை இல்லை. சிறுநீரகத்தியை (நெப்ரோன்) வரைந்து பெயர் குறிக்க எந்தப் பேனாவும் போதும்.

டியூசன் மாஸ்டர் | #8

இரசாயனவியல் எடுக்கிறேன், பிள்ளைகளை நேரில் பார்க்கிறவன் என்ற முறையில் ஒரு வார்த்தை.

ஏஎல் பிள்ளைக்கு டெப்பில் மூன்று வேலைதான். வகுப்பு பார்ப்பது, கடந்தகால வினாத்தாளைத் திறப்பது, அதன் மேலேயே எழுதிப் பழகுவது. இடப்பக்கம் வினாத்தாள், வலப்பக்கம் குறிப்பு என்று ஸ்கிரீனைப் பிரித்து வைத்தால் ஏ4 தாளுக்குக் கிட்ட வர வேண்டும். 10 அங்குலத்துக்குக் குறைந்தால் வாயுச் சமன்பாட்டில் மேலே போட்ட அடுக்கு எது, கீழே போட்ட குறி எது என்று பிள்ளை மூக்கை ஒட்டிப் பார்க்கும். கொம்பனிப் பெயருக்கு முதல் அளவைப் பாருங்கள். 155 பஸ் தம்பியின் 8 அங்குலம் பஸ்ஸுக்குச் சரி.

தமிழ்மூலம் படிக்கிற பிள்ளை என்றால் இன்னொன்றும் உண்டு. அண்ட்ரொய்டில் கூகுள் விசைப்பலகையில் தமிழைக் கையால் எழுதினால் எழுத்தாக மாற்றித் தருகிறது. என் கோழிக்கிறுக்கலையே அது வாசித்துவிடுகிறது. பிள்ளைகள் என் விடைத்தாள் குறிப்புகளை வாசிக்க முடியாமல் தவிக்கும்போது எனக்கே அவமானமாக இருக்கும்.

மலிவு டெப் என்றதும் எனக்கு இந்தியாவின் ஆகாஷ் நினைவுக்கு வரும். 2011 ஒக்டோபரில் வெளியிட்டார்கள், சுமார் 50 டொலர், மாணவருக்கென்றே செய்தது. எண்ணம் நல்ல எண்ணம். ஸ்கிரீன் மட்டும் நகத்தால் அழுத்த வேண்டிய பழைய வகை, 256 எம்பி ராம். விலையில் இறங்கலாம், ஆனால் பிள்ளை கையில் எடுத்தவுடனே சலித்துப்போகிற அளவுக்கு இறங்கக்கூடாது. இங்கேயும் 2017 வரவு செலவுத் திட்டத்தில் ஏஎல் மாணவருக்கு டெப் என்று ஒரு யோசனை வந்தது. என் மருமகன் அப்போது ஏஎல். அவன் இப்போது வேலைக்குப் போகிறான், டெப்பைக் காணோம்.

தெஹிவளை தம்பி | #9

எல்லாரும் பேனாவையும் விலையையும் கதைக்கிறீர்கள், ஆயுளை ஒருவரும் கதைக்கவில்லை. 2014 இல் வந்த ஐபேட் எயார் 2 இக்கு 2021 இன் ஐபேட்ஓஎஸ் 15 வரை அப்டேட் வந்தது. ஏழு வருடம். 155 பஸ் அண்ணையின் பழைய டெப்புக்கு ஏழு நாள் வந்ததா? உலகச் சந்தையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் அப்பிள் வைத்திருப்பது பெயரால் மட்டும் இல்லை.

பழைய இரும்பு | #10

இதில் தம்பி சொல்வது சரி. ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அந்த இடைவெளியும் சுருங்குகிறது. 2024 இல் வந்த டெப் எஸ்10 வரிசைக்கு சாம்சங் ஏழு தலைமுறை அப்டேட் என்று சொல்லியிருக்கிறது. அது அக்காவின் காசுக்குள் வராது, அது வேறு. மலிவு வரிசைக்கு அவ்வளவு கிடைக்காது. வாங்க முதல் அந்த மொடலுக்கு எத்தனை வருடம் என்று கொம்பனித் தளத்தில் பாருங்கள், கடைக்காரனைக் கேட்க வேண்டாம் (பொடியன் மன்னிக்க). பாவித்த ஐபேட் எடுப்பதென்றால் ஆயுள் பாதி ஏற்கனவே போய்விட்டது என்பதையும் நினைவில் வையுங்கள். 2019 இன் ஏழாம் தலைமுறை ஐபேட்ஓஎஸ் 18 ஓடு நின்றுவிட்டது. எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள்.

ஹுவாவேயைத் திரும்பிப் பாருங்கள். 2019 இல் அமெரிக்கத் தடையோடு புது மொடல்களில் கூகுள் சேவை போனது. பொருளில் ஒரு குறையும் இல்லை, ஆனால் பிளே ஸ்டோர் இல்லாத டெப்பைப் பிள்ளைக்குக் கொடுத்து "எப்படியாவது ஸூமைப் போடு" என்று சொல்ல முடியுமா?

பின்னால் வந்து பிழைத்தவனுக்கு நல்ல உதாரணம் மைக்ரோசொஃப்ட். 2012 இல் சர்ஃபேஸ் ஆர்டி ஐபேடோடு நேருக்கு நேர் மோதியது. அடுத்த வருடம் அந்தக் கணக்கில் 90 கோடி டொலர் நட்டம் எழுதினார்கள். 2014 இல் சர்ஃபேஸ் புரோ 3 வந்தபோது ஐபேடை விட்டுவிட்டு மடிகணினியைச் சண்டைக்கு இழுத்தார்கள். அது பிடித்துக்கொண்டது. கோதாவை மாற்றினான், ஆள் தப்பினான்.

கோடுகிறுக்கி | #11

அக்கா, இவர்கள் விடியும் மட்டும் கதைப்பார்கள். மகளைக் கூட்டிக்கொண்டு யுனிட்டி பிளாசா பக்கமோ லிபர்ட்டி பிளாசா பக்கமோ போய் இரண்டு பேனாவையும் அவள் கையில் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட வேண்டாம், எல்லா டெப்பிலும் கையெழுத்து வடிவாகத்தான் வரும். "ஞ" எழுதச் சொல்லுங்கள். பேனா பின்னால் இழுபடுகிறதா என்று அதில் தெரிந்துவிடும்.

கொட்டாஞ்சேனை அக்கா | #12

ஒரு கிழமை கழித்து வருகிறேன். எல்லாருக்கும் நன்றி, தெஹிவளைத் தம்பிக்கும்.

சனிக்கிழமை மூன்று பேரும் போனோம். முதல் கடையில் பாவித்த ஐபேட் ஒன்று, ஒன்பதாம் தலைமுறை, கீறல் இல்லை, விலையும் கைக்குள். மகள் பெட்டியையே கட்டிப்பிடித்துக்கொண்டாள். பொடியன் சொன்னபடி அழித்துக் காட்டச் சொன்னேன். கடைக்காரர் முகம் கறுத்தது, ஆனால் செய்தார். வைஃபை போட்டவுடன் எங்கேயோ ஒரு வெளிநாட்டுப் பள்ளிக்கூடத்தின் பெயரோடு பக்கம் வந்து நின்றது. "அது சும்மா அக்கா, ஸ்கிப் பண்ணலாம்." அதே வார்த்தை! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த கடையில் "ஞ" எழுதிப் பார்த்தோம். புது ஐபேடில் நல்லாய் வந்தது, விலை நல்லாய் வரவில்லை. கடைசியில் பேனாவோடு வருகிற சாம்சங் டெப் ஒன்று, 10 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட, ஏஜென்ட் வாரண்டி, பில்லில் எழுதி வாங்கினேன். ஒன்றேகாலுக்குள் முடிந்தது, மிச்சத்தில் உறையும் வாங்கினோம். இவர் வீடு வரும் வரை வெற்றி வீரர் மாதிரி வந்தார்.

மகள் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் மாஸ்டர் சொன்ன மாதிரி ஸ்கிரீனைப் பிரித்து, ஒரு பக்கம் வினாத்தாள், மறு பக்கம் இதயத்தின் குறுக்குவெட்டு, நாலு நிறத்தில். நான் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்ததும் தெரியாமல் இருந்தாள். ஸ்கிரீனில் கை வழுக்குகிறதாம், கடதாசி மாதிரி சொரசொரப்பான ஒட்டு போட வேண்டுமாம். அது நல்லதா?

கோடுகிறுக்கி | #13

நல்லது, எழுத சுகமாக இருக்கும். ஆனால் பேனா முனை கெதியாகத் தேயும், படமும் கொஞ்சம் மங்கும். மாற்று முனை பெட்டிக்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைப்பொடியன் | #14

நீங்களே ஒட்டப் போகாதீர்கள். தூசி ஒன்று அகப்பட்டால் ஏஎல் முடியும் வரை அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

தெஹிவளை தம்பி | #15

வாழ்த்துகள் அக்கா. அப்டேட் நிற்கிற அன்று இதே இழைக்கு வந்து சொல்லுங்கள்.

பழைய இரும்பு | #16

அன்றைக்கு எறிந்துவிடாதீர்கள். டச்பேடுக்குப் பக்கத்தில் இடம் வைத்திருக்கிறேன்.